இயந்திரத்தை ஓட்டுபவரே அதைக் கவனிப்பது எப்படி: ஜேஎச் பராமரிப்பு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

‘டிரைவ் பழுது, 9 மணி நேரம் நிறுத்தம்’ என்று பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரிக்குப் பின்னால் நடந்தது பெரும்பாலும் இப்படி இருக்கும். சிஎன்சி லேத்தின் (கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரம்) எலக்ட்ரிக்கல் பேனலில் உள்ள விசிறி ஃபில்டரில் எண்ணெய்ப் புகையும் தூசியும் படிந்து அடைத்துக்கொண்டது. உள்ளே சூடு ஏறியது. மோட்டாரை இயக்கும் மின்னணு யூனிட்டான டிரைவ் இரண்டு மூன்று முறை அலாரம் காட்டி நின்றது. ரீசெட் போட்டு ஓட்டினார்கள். பிறகு யாரோ பேனல் கதவைத் திறந்துவைத்து, எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை நிறுத்தினார்கள். கூலன்ட் ஆவியும் இரும்புத் துகளும் நேராக உள்ளே போய் சர்க்யூட் போர்டில் உட்கார்ந்தன. ஒரு நாள் டிரைவ் போயிற்று.

அந்த ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட ஐந்து நிமிடம் போதும். அது அடைத்திருப்பதை முதலில் பார்க்கக்கூடியவர், ஷிப்ட் முழுக்க அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் ஆபரேட்டர்தான். ஆனால் அது அவர் வேலை என்று யாரும் சொல்லவில்லை, எதைப் பார்ப்பது என்று கற்றுத்தரவில்லை, அதற்கென்று நேரமும் ஒதுக்கவில்லை. இந்த மூன்று குறைகளையும் சரிசெய்யும் முறையைத்தான் ஜேஎச் என்கிறோம். ஜிஷு ஹோஸென் என்ற ஜப்பானியப் பெயரின் சுருக்கம் அது. இயந்திரத்தை ஓட்டுபவரே அதன் அன்றாடப் பராமரிப்பைக் கவனித்துக்கொள்வது இதன் சாரம். டிபிஎம் (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டெனன்ஸ்) எனப்படும் பெரிய ஏற்பாட்டில் இது ஒரு தூண்; தொழிற்சாலையில் முதலில் ஊன்ற வேண்டிய தூணும் இதுவே.

டிபிஎம் ஜப்பானில் உருவானது. 1950-களில் அமெரிக்காவிலிருந்து ‘பழுதாகும் முன்பே கவனிப்பது’ என்ற தடுப்புப் பராமரிப்பு முறையை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் பராமரிப்பு முழுவதும் பராமரிப்புத் துறையின் வேலை. டொயோட்டாவுக்கு மின் உதிரிபாகங்கள் செய்துகொடுத்த நிப்பான்டென்ஸோவில் (இன்றைய டென்ஸோ) தானியங்கி இயந்திரங்கள் பெருகப் பெருக, அத்தனையையும் கவனிக்கப் பராமரிப்பு ஆட்கள் போதவில்லை. எனவே அன்றாடக் கவனிப்பு ஆபரேட்டர்களிடம் வந்தது. பராமரிப்புத் துறை பெரிய வேலைகளிலும் இயந்திரத்தைத் திருத்தி மேம்படுத்துவதிலும் இறங்கியது. இதற்காக 1971-இல் அந்த நிறுவனத்துக்கு விருது கிடைத்தது. ஜப்பானியப் பராமரிப்பு நிபுணர் செய்யிச்சி நாகஜிமா இந்த அனுபவங்களைத் தொகுத்து ஒரு முறையாக்கி உலகெங்கும் பரப்பினார்.

பழுது எங்கிருந்து தொடங்குகிறது

எந்தப் பாகமும் தேயும். சரியான எண்ணெய், சரியான இறுக்கம், சுத்தம், அளவான சுமை ஆகிய நான்கும் இருந்தும் காலப்போக்கில் தேய்ந்தால் அது இயல்பான தேய்மானம். இவற்றில் ஒன்று குறைந்து, பத்து ஆண்டு வரவேண்டிய பாகம் இரண்டே ஆண்டில் போனால் அது நாமே வரவழைத்த தேய்மானம். தொழிற்சாலைகளில் நடக்கும் பிரேக்டவுன்களில் இந்த இரண்டாம் வகையே மிகுதி. அதைத் தடுக்க விலையுயர்ந்த சென்சாரும் வேண்டாம், பெரிய ஓவர்ஹாலும் வேண்டாம். துடைப்பது, எண்ணெய் விடுவது, இறுக்குவது ஆகிய மூன்றும் ஒழுங்காக நடந்தாலே அதன் பெரும்பகுதி நின்றுவிடும்.

‘காலக்கெடு வைத்துப் பாகங்களை மாற்றினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோவ்லான், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11% மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் போக்கைக் காட்டின. மற்ற 89% பாகங்களில் பழுதுக்கும் வயதுக்கும் தெளிவான தொடர்பு இல்லை. பெரும்பாலானவற்றில் பாகத்தைப் புதிதாகப் பொருத்திய உடனேதான் பழுதுக்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. விமானமும் லேத்தும் ஒன்றல்ல. ஆனாலும் காலண்டரை மட்டும் பார்த்து பாகம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது என்பது தொழிற்சாலைக்கும் பொருந்தும். இயந்திரம் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை யாராவது தினமும் பார்த்தாக வேண்டும்.

இழப்பை முதலில் அளக்க வேண்டும்

தொடங்கும் முன் இயந்திரத்தின் ஓஇஇ (ஒட்டுமொத்த இயந்திரச் செயல்திறன்) கணக்கைப் போட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, ஓடியதில் நல்ல பாகம் எத்தனை என்ற மூன்று விகிதங்களைப் பெருக்கி வருவது அது.

ஒரு ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாடு, தேநீர் 30 நிமிடம் போக 450. அதில் பிரேக்டவுன் 45 நிமிடம், செட்டிங் 30 நிமிடம் என்று 75 நிமிடம் போனால், இயந்திரம் ஓடியது 375 நிமிடம், இது 83.3%. ஒரு பாகத்துக்கு 1.5 நிமிடம் என்றால் 375 நிமிடத்தில் 250 பாகம் வந்திருக்க வேண்டும். வந்தது 200 தான், இது 80%. அந்த 200-இல் 6 ரிஜெக்ட், நல்லவை 97%. மூன்றையும் பெருக்கினால் ஓஇஇ 64.7%.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. நின்றதால் இழந்தது 75 நிமிடம். அது ரிஜிஸ்டரில் இருக்கிறது, அதைப் பற்றித் தினமும் மீட்டிங்கில் பேசுகிறார்கள். ‘ஓடிக்கொண்டிருந்த’ நேரத்திலும் 50 பாகம், அதாவது இன்னொரு 75 நிமிடம் போயிருக்கிறது. இதை யாரும் எழுதவில்லை. சிப்ஸ் சுருள் சுற்றிக்கொண்டு கதவு மூடாமல் 2 நிமிடம், பிராக்ஸிமிட்டி சென்சாரில் துகள் ஒட்டி 1 நிமிடம், ஸ்பிண்டில் சத்தம் போடுகிறது என்று ஃபீடைக் குறைத்து ஓட்டியது என்று இப்படியே கரைந்த நேரம் அது. இந்தச் சிறு நிறுத்தங்களின் காரணம் ஆபரேட்டருக்கு மட்டுமே தெரியும். அவரை விட்டுவிட்டு ஓஇஇ-யை ஏற்ற நினைப்பவர்கள் பாதி இழப்பைப் பார்க்காமலே திட்டம் போடுகிறார்கள்.

உலகத்தரம் என்று 85% என்ற எண்ணைச் சொல்வார்கள். அதைத் துரத்த வேண்டாம். உங்கள் இயந்திரத்தின் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும். கூடவே இன்னொரு எண்ணையும் குறித்துவையுங்கள்: மாதத்தில் ஓடிய மணியைப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுத்தது. 400 மணி ஓடி 8 முறை நின்றால், 50 மணிக்கு ஒரு பழுது. ஜேஎச் சரியாக நடக்கிறதா என்பதை இந்த எண் மற்றவற்றைவிட நேர்மையாகச் சொல்லும்.

எந்த இயந்திரத்தில், யாரோடு

எல்லா இயந்திரத்திலும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி நிற்கும், நின்றால் லைனே நிற்கும், எல்லோர் கண்ணிலும் படும் இயந்திரம் நல்லது. குழுவில் மூன்று ஷிப்டின் ஆபரேட்டர்களும் இருக்க வேண்டும். ஒரு ஷிப்ட் மட்டும் சுத்தம் செய்து மற்ற இரண்டும் செய்யாவிட்டால் முதல் ஷிப்ட்காரருக்கு ஒரே வாரத்தில் மனம் விட்டுப்போகும். இவர்களோடு ஒரு மெக்கானிக்கல் ஃபிட்டர், ஒரு எலக்ட்ரீஷியன், ஷிப்ட் இன்சார்ஜ் என ஆறேழு பேர் போதும். முதல் நாள் மேனேஜரும் துணியைக் கையில் எடுத்து இறங்க வேண்டும். இது கண்துடைப்பு இல்லை; சிப்ஸ் ட்ரே எவ்வளவு எட்டாத இடத்தில் இருக்கிறது என்று கைவிட்டுப் பார்த்தவர்தான் அதை மாற்ற ஆகும் செலவுக்குக் கையெழுத்துப் போடுவார்.

முதல் படி: துடைப்பதே சோதனை

ஜேஎச்-இல் ஏழு படிகள். பலன் பெரும்பாலும் முதல் மூன்றில்தான் இருக்கிறது. அதனால் இங்கே அவற்றைப் பற்றித்தான் அதிகம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம் பட்டறைகளில் இயந்திரத்தைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுக்கக் கண்ணில் படாத எண்ணெய்க் கசிவும் வெடித்த ஹோஸும் அன்றைக்குத்தான் தெரியும். பொட்டு வைத்து மாலை போட்ட பிறகு அடுத்த நாள் அது மறந்துபோகும். முதல் படியில் அதே துடைப்பைத்தான் செய்கிறோம். ஆனால் கை படும் ஒவ்வோர் இடத்திலும் தேடுகிறோம், கண்டதை எழுதுகிறோம், எழுதியதைச் சரிசெய்யும்வரை விடுவதில்லை.

துணியை எடுக்கும் முன் பாதுகாப்பு. மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். இயந்திரத்தில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஏர் லைனை மூடி உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஹைட்ராலிக்கில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அழுத்தத்தை இறக்கி, கேஜில் பூஜ்யம் வந்ததைப் பாருங்கள். செங்குத்தாக நகரும் அச்சு, தூக்கி நிற்கும் ஸ்லைடு எதுவாக இருந்தாலும் கட்டை கொடுத்துத் தாங்குங்கள். பிரேக்கை நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. பேனலுக்குள் எலக்ட்ரீஷியன் மட்டும். டிரைவில் உள்ள கெப்பாசிட்டர்கள் கரன்ட்டை நிறுத்திய பிறகும் சில நிமிடம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது டிரைவின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

இனி சுத்தம். ஏர் கன்னால் ஊதாதீர்கள். ஊதினால் துகள் கண்ணிலும் போகும், வைப்பர் ரப்பரைத் தாண்டி ஸ்லைடுக்குள்ளும் பால் ஸ்குரூவுக்குள்ளும் போகும். பிரஷ், சிப்ஸ் இழுக்கும் கொக்கி, வேக்யூம், பனியன் வேஸ்ட் துணி இவற்றைக் கொண்டு செய்யுங்கள். கவர்களைக் கழற்றுங்கள். கழற்றாமல் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் அரை நாள் வீண்.

ஒரு லேத்தில் தேட வேண்டியவை: சிப்ஸ் கடித்துக் கிழிந்த வைப்பர், வளைந்த டெலஸ்கோப்பிக் கவர், ஒரு போல்ட் குறைந்த கார்டு, இரண்டு வாஷர் போட்டு ஒப்பேற்றிய நட், பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பது, கேபிள் டிராக்கில் உரசிய ஒயர், டேப் சுற்றிய சென்சார், கண்ணாடி மங்கி அளவு தெரியாத ஆயில் லெவல், வேலை செய்யாத பிரஷர் கேஜ், கூலன்ட் டாங்க் அடியில் சேறுபோல் படிந்த நுண்துகள். மோட்டாரின் விசிறிப் பக்கத்துக் கிரில்லையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து மெத்தையாகப் படிந்திருந்தால் மோட்டார் சூட்டை வெளிவிட முடியாது. வைண்டிங் இன்சுலேஷன் தாங்க வேண்டிய வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்துறையில் நெடுங்காலமாக வழங்கும் விதி.

கண்ட ஒவ்வொரு குறைக்கும் ஓர் அட்டை. குறையை நம் தொழிற்சாலைகளிலும் ‘ஃபுகுவாய்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆபரேட்டரே சரிசெய்யக்கூடியது என்றால் வெள்ளை அட்டை, பராமரிப்புத் துறை செய்ய வேண்டியது என்றால் சிவப்பு அட்டை. அட்டையில் எண், தேதி, குறை, கண்டவர் பெயர் எழுதி, குறை இருக்கும் இடத்திலேயே கட்டுங்கள். அதன் பிரதி போர்டில் இருக்கட்டும். சில ஆண்டு ஓடிய ஓர் இயந்திரத்தில் முதல் சுற்றிலேயே நூறு அட்டை தொங்குவது அபூர்வமில்லை. இருபதுதான் கிடைத்தது என்றால் கவர்களைக் கழற்றவில்லை என்று பொருள்.

இங்கேதான் பெரும்பாலான தொழிற்சாலைகள் சறுக்குகின்றன. வெள்ளை அட்டைகள் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். சிவப்பு அட்டைகள் மாதக்கணக்கில் தொங்கும். பராமரிப்புத் துறை அன்றைய பிரேக்டவுனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தான் எழுதிய அட்டை எண்ணெய் ஊறி, எழுத்து அழிந்து தொங்குவதைப் பார்க்கும் ஆபரேட்டர் அடுத்த அட்டையை எழுத மாட்டார். நானாக இருந்தாலும் எழுத மாட்டேன். எனவே தொடங்கும் முன்பே ஒரு ஃபிட்டரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் வாரத்துக்குக் குறைந்தது அரை நாள் சிவப்பு அட்டைக்கென்றே ஒதுக்குங்கள். பாகம் வாங்க வேண்டியிருந்தால், என்று வரும் என்ற தேதியை அட்டையிலேயே எழுதுங்கள். செய்ய முடியாது என்றால் காரணத்தோடு அதைச் சொல்லி அட்டையை மூடுங்கள். பதிலே இல்லாமல் விடுவதுதான் இந்த முயற்சியைக் கொல்லும்.

இரண்டாம் படி: அழுக்கு வரும் வழியை அடைப்பது

முதல் சுத்தத்துக்கு ஒரு நாள் ஆனது. தினமும் ஒரு நாள் செலவழிக்க முடியாது. அழுக்கு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் கை எட்டவில்லை என்ற இரண்டையும் இந்தப் படியில் தீர்க்க வேண்டும். பலர் இதைத் தாண்டி நேராகச் செக்‌ஷீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விளைவு, தினமும் 40 நிமிடம் துடைக்கச் சொல்லும் ஒரு தாள். அதை எந்த மனிதராலும் பின்பற்ற முடியாது.

எண்ணெய்க் கசிவிலிருந்து தொடங்குங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று கொண்டால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர். தரையில் மரத்தூள் கொட்டி மறைக்கிறோமே, அதற்குக் கொடுக்கும் விலை இது. ஹைட்ராலிக் ஃபிட்டிங்கில் கசிவு என்றால் உடனே இன்னும் இறுக்கக் கூடாது. ஓ-ரிங் கடினமாகி வெடித்ததா, ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா, பைப்புக்கு கிளாம்ப் இல்லாமல் அதிர்கிறதா என்று பாருங்கள். அதிர்வை நிறுத்தாமல் ஓ-ரிங்கை மட்டும் மாற்றினால் மீண்டும் கசியும்.

சிப்ஸும் கூலன்ட்டும் தெறிப்பதற்கு, இயந்திரம் முழுவதையும் மூடும் பெரிய கவரைவிடத் தெறிக்கும் இடத்துக்கு அருகிலேயே வைக்கும் சின்னத் தகடு நன்றாக வேலை செய்யும். முதலில் அட்டைப்பெட்டிக் காகிதத்தில் வெட்டி ஒட்டி, சிப்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அளவு சரியானதும் தகட்டில் செய்யுங்கள். சிப்ஸ் தங்கும் தட்டையான மூலைகளில் சாய்வான தகடு வைத்தால் கூலன்ட்டே அதைக் கழுவிக்கொண்டு போகும்.

கை எட்டாத இடங்களுக்கு: பெல்ட் கார்டில் ஒரு பாலிகார்பனேட் ஜன்னல் வெட்டினால் கழற்றாமலே பெல்ட்டைப் பார்க்கலாம். பின்புறம் ஒளிந்திருக்கும் கிரீஸ் நிப்பிள்களைக் குழாய் மூலம் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக வைக்கலாம். எஃப்ஆர்எல் யூனிட்டை (ஏர் லைனின் ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) கண் மட்டத்துக்கு ஏற்றலாம். அடிக்கடி திறக்கும் கவரில் எட்டு ஆலன் போல்ட்டுக்குப் பதில் கையால் திருகும் இரண்டு நாப். கார்டைச் சன்னமாக்கி ஆபத்தை உண்டாக்கும் மாற்றம் மட்டும் கூடவே கூடாது.

பார்த்ததும் புரியும் குறிகளையும் இப்போதே போடுங்கள். கேஜில் சரியான அளவுக்குப் பச்சைப் பட்டை. ஆயில் லெவலில் மேல் கோடு, கீழ் கோடு. நட்டிலிருந்து அடிப்பகுதிவரை பெயின்டில் ஒரே நேர்க்கோடு; நட் தளர்ந்தால் கோடு முறிந்திருக்கும், ஸ்பானர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. முறுக்கு அளவுப்படி இறுக்கிய பிறகே கோடு போட வேண்டும். தளர்ந்த நட்டுக்குக் கோடு போட்டுவிட்டால் அது என்றைக்கும் ‘சரி’ என்றே காட்டும்.

மூன்றாம் படி: எண்ணெய், கிரீஸ், தரநிலைத் தாள்

எண்ணெய் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அக்கறையோடு செய்யும் தவறுகள். அதனால் விவரமாகப் பார்ப்போம்.

ஸ்லைடு லூப்ரிகேஷன் டாங்க். பெரும்பாலான லேத்களில் ஐஎஸ்ஓ விஜி 68 ஸ்லைடுவே ஆயில். ஹைட்ராலிக் ஆயில் 32 அல்லது 46 கிரேடு. இரண்டு டாங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மூடியும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றி ஊற்றுவது மிக எளிது. மூடிக்கும் கேனுக்கும் புனலுக்கும் ஒரே நிறம் அடித்தால் இந்தத் தவறு நிற்கும். லெவல் குறைந்தால் ஊற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். லெவல் குறையாமலே இருந்தால் அது அதைவிட மோசமான செய்தி. எண்ணெய் ஸ்லைடுக்குப் போகவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது விநியோக பிளாக்கில் உள்ள மீட்டரிங் வால்வு அடைத்திருக்கும். எனவே டாங்கில் தேதியோடு கோடு போட்டு, ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை மேனுவலைப் பார்த்து எழுதிவையுங்கள்.

ஹைட்ராலிக் ஆயில் பால்போல் வெளுத்தால் தண்ணீர் அல்லது கூலன்ட் கலந்திருக்கிறது. நுரைத்தால் லெவல் குறைவு அல்லது சக்‌ஷன் பக்கத்தில் காற்று இழுக்கிறது. 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் எண்ணெயும் சீலும் சீக்கிரம் கெடும். கூலர் விசிறியைப் பாருங்கள்.

ஹைட்ராலிக் சக், அதாவது சுழலும் பாகத்தைக் கவ்விப் பிடிப்பது. அதன் தாடைகளான ஜா நகரும் பாதையில் கிரீஸ் வற்றினால் கேஜில் அழுத்தம் சரியாகவே காட்டும், ஆனால் ஜா பாகத்தைப் பிடிக்கும் விசை பாதிக்கும் கீழே போகலாம். உராய்வு மீதியை விழுங்கிவிடும். பாகம் நழுவி இன்செர்ட் உடைவதும், அளவு மாறுவதும், பாகமே பறந்து வருவதும் இதனால் நடக்கும். சக் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை, நிப்பிள்கள் வழியே, பெரும்பாலும் தினம் ஒரு முறை கொடுங்கள்.

பேரிங். ‘நிறைய வைத்தால் நல்லது’ என்பது இங்கே பொய். பேரிங்கினுள் உள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். நிறைந்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகி, எண்ணெய் பிரிந்து ஓடிவிடும். மறு கிரீஸ் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: வெளி விட்டம் (மி.மீ.) × அகலம் (மி.மீ.) × 0.005 = கிராம். 6308 பேரிங்குக்கு 90 × 23 × 0.005, அதாவது சுமார் 10 கிராம். உங்கள் கிரீஸ் கன்னில் ஒரு அடிக்கு எத்தனை கிராம் வருகிறது என்று தெரிய, பத்து அடி அடித்துத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுங்கள். பிறகு தாளில் ‘10 கிராம்’ என்பதோடு ‘இந்தக் கன்னில் இத்தனை அடி’ என்றும் எழுதலாம். அடிக்கும் முன் நிப்பிளைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் வெளியே ஒட்டிய துகளை பேரிங்குக்குள் அழுத்தி அனுப்புகிறோம். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸ் வைப்பதுபோலக் கலக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டும் சேராமல் இளகி ஓடும்.

கூலன்ட். நீரில் கரையும் வகை என்றால் பெரும்பாலான வேலைகளுக்கு 5 முதல் 8%. ரிஃப்ராக்டோமீட்டரில் தெரியும் எண்ணை, ஆயில் நிறுவனம் தந்த பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்: 4 காட்டி, பெருக்கெண் 1.5 என்றால் 6%. பிஎச் அளவு ஏறத்தாழ 8.5 முதல் 9.5 வரை. புதிதாகக் கலக்கும்போது தண்ணீரில் ஆயிலை ஊற்றிக் கலக்குங்கள். ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் திரிந்துபோகும். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கள் காலை அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், மேலே மிதக்கும் ஸ்லைடுவே ஆயில் காற்றை மறைத்து அடியில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ஸ்கிம்மர் வைத்து அந்த ஆயிலை எடுப்பதுதான் வழி. வாசனைத் திரவம் ஊற்றுவது அல்ல. ஆபரேட்டரின் கையில் அரிப்பு வந்தால் அதையும் ஒரு குறையாகவே எழுதுங்கள்: செறிவு கூடியிருக்கலாம், பிஎச் தவறியிருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு குழுவே உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும். ஆபீஸில் எழுதி லேமினேட் செய்து தொங்கவிடும் தாள் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

சக் ஜா: பழைய கிரீஸைத் துடைத்து, ஒவ்வொரு நிப்பிளிலும் 2 அடி. தினமும், முதல் ஷிப்ட். 2 நிமிடம்.
சக் அழுத்தக் கேஜ்: பச்சைப் பட்டைக்குள். படித்த எண்ணை எழுதவும். ஒவ்வொரு ஷிப்டும். அரை நிமிடம்.
லூப் டாங்க்: கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று எழுதவும், இறங்கவில்லை என்றால் சிவப்பு அட்டை. ஒவ்வொரு ஷிப்டும். அரை நிமிடம்.
எஃப்ஆர்எல்: தண்ணீரை வடிக்கவும், 5–6 பார். தினமும். 1 நிமிடம்.
கூலன்ட் செறிவு: 5–8%. தினமும். 2 நிமிடம்.
பேனல் ஃபில்டர்: கழற்றி, இயந்திரத்துக்கு வெளியே எடுத்துச் சென்று சுத்தம் செய்யவும். வாரம் ஒரு முறை. 5 நிமிடம்.

தினசரி வேலை 10 நிமிடத்துக்குள், வாரந்திர வேலை அரை மணிக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

டிக் போடும் செக்‌ஷீட்டில் ஏமாற்றம் நிச்சயம். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது டிக் விழுந்திருக்கும். எண் எழுதச் சொன்னால் அங்கே போய்ப் பார்க்காமல் எழுதுவது கடினம்; எண்கள் நாளுக்கு நாள் நகர்வதும் தெரியும்.

மற்ற நான்கு படிகள்

நான்காம் படி பயிற்சி. ஹைட்ராலிக், நியூமேட்டிக், மின்சாரம், ஃபாஸ்டனர்கள், டிரைவ் பாகங்கள் என்று ஒவ்வொன்றையும் பராமரிப்புத் துறையினரே ஆபரேட்டர்களுக்கு இயந்திரத்தின் அருகிலேயே கற்றுத்தர வேண்டும். ஒரு பொருள், ஒரு தாள், பத்து நிமிடம். ‘போல்ட் நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும், ஏன்?’ என்பது ஒரு பாடம். ‘வி-பெல்ட் தொகுப்பில் ஒன்று அறுந்தால் ஏன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்?’ என்பது இன்னொன்று. பழைய பெல்ட் நீண்டிருக்கும், புதிய ஒன்று மட்டுமே சுமை முழுவதையும் தாங்கி அறும். ஏன் என்று தெரிந்தவர் தாளில் இல்லாத குறையையும் கண்டுபிடிப்பார். ஐந்தாம் படியில் குழுவின் தாளையும் பராமரிப்புத் துறையின் அட்டவணையையும் ஒப்பிட்டு, இரட்டிப்பாக உள்ளவற்றை நீக்கி, விட்டுப்போனவற்றைச் சேர்ப்பார்கள். ஆறும் ஏழும் கருவிகள், அளவுமானிகள், பாகங்களின் ஒழுங்கு, குழு தானே இலக்கு வைத்து நடத்துவது என்று விரியும். அங்கே போய்ச் சேர ஆண்டுகள் ஆகும்.

ஆபரேட்டரின் கேள்விக்குப் பதில் வேண்டும்

‘சம்பளம் அதே, வேலை மட்டும் கூடுகிறதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உற்பத்தி எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் இருக்கும் இடத்தில், துடைக்கும் 10 நிமிடம் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. அந்த நேரத்தை ஷிப்ட் இலக்கிலிருந்து கழித்தே ஆக வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு நின்று செய்யச் சொன்னால் மூன்றாம் நாளே முடிந்துவிடும். ஆர்டர் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் இந்த நேரம்தான். அன்று மேனேஜர் என்ன முடிவெடுக்கிறார் என்பதை எல்லா ஆபரேட்டரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குறையைச் சொன்னவரையே ‘இவ்வளவு நாள் என்ன செய்தாய்?’ என்று கேட்பது இன்னொரு கேடு. அதற்குப் பிறகு குறைகள் குறையாது, சொல்வதுதான் குறையும். காண்ட்ராக்ட் ஆட்களை வாரம் ஓர் இயந்திரம் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் இடங்களிலும் ஜேஎச் வேரூன்றாது. குறைந்தது ஆறு மாதம் அதே இயந்திரம், அதன்மேல் அவர் பெயர் எழுதிய போர்டு என்று இருக்கட்டும். எல்லை எது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: துடைப்பது, எண்ணெய், வெளிப் போல்ட், பார்ப்பது, கேட்பது ஆபரேட்டருடையது. பேனல் திறப்பது, ஸ்பிண்டில், சர்வோ, பாராமீட்டர், அலைன்மென்ட் பராமரிப்புத் துறையுடையது.

பராமரிப்புத் துறைக்கு இதனால் வேலை குறைந்துவிடாது. முதல் மூன்று மாதம் சிவப்பு அட்டைகளால் கூடும். பிறகுதான் பிரேக்டவுன் குறைந்து, அதிர்வு அளப்பது, ஆயில் சோதனை, திரும்பத் திரும்ப வரும் பழுதின் மூலத்தைத் தேடுவது ஆகியவற்றுக்கு நேரம் கிடைக்கும். இரண்டாம் படியில் குழு கண்டுபிடித்த மாற்றங்களைத் தொகுத்து வைப்பதும் அவர்கள் வேலை. அடுத்த லேத் வாங்கும்போது அந்தத் தொகுப்பு பர்ச்சேஸ் ஆர்டரோடு போக வேண்டும்: லெவல் கண்ணாடிகள் நடைபாதைப் பக்கம் தெரிய வேண்டும், கூலன்ட் டாங்க் சக்கரத்தில் வெளியே வர வேண்டும், எஃப்ஆர்எல் கண் மட்டத்தில், கிரீஸ் நிப்பிள்கள் ஒரே வரிசையில், பேனல் ஃபில்டர் கருவி இல்லாமல் கழல வேண்டும். ஆர்டர் போடும் முன் இவற்றைக் கேட்டால் பெரும்பாலும் சிறு செலவில் செய்து தருவார்கள். இயந்திரம் வந்து கிரௌட்டிங் (தரையோடு கான்கிரீட் போட்டுப் பொருத்துவது) முடிந்த பிறகு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி பில் வரும்.